ஏறிக்கொண்டே போன கோடு

அத்தியாயம் ஆறு

"அந்த ஆள் சாகக் கூடாது சார்," என்றாள் மருந்துக்காரி. "செத்துட்டா நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? உசுரோட இருக்கணும். நாலு பேர் நடுவுல தலை குனிஞ்சு நிக்கணும். அதை நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

சொல்லிக்கொண்டே பெயிண்ட் டப்பாவின் மூடியை ரப்பர் சுத்தியலால் அடித்து இறக்கினாள். ஓர் அடி போதும். நாலு அடித்தாள்.

ஊசியார் அந்த அடிகளை எண்ணினார். முப்பது வருஷம் கோர்ட்டு சம்மனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். "அவர் ஊர்ல இல்லையே" என்று ஒருவன் வாசலில் நின்று சொல்லும்போது, அவன் கண் எந்த அறைப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதே கண்ணை வைத்துத் துப்பறிகிறார். குத்திக் குத்திக் கேட்பதால் ஊசி என்று பெயர் வந்தது. மரியாதை தெரிந்தவர்கள் ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். யாரையும் நம்ப மாட்டார். உதவி கேட்டு வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் குறைவாக நம்புவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பெண் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கேன்சருக்கு மருந்து செய்துகொண்டிருந்தாள். இன்றைக்குப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக்கொண்டிருக்கிறாள். நடுவில் நடந்தது இவ்வளவுதான். விசாரணைக் கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'அவளுடைய ஆய்வு நோட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்கள்' என்று ஒரே வரி. பார்த்தார்கள். அச்சடித்த ஒரு தாள் அங்கே ஒட்டியிருந்தது. ஒரு சோதனையின் எண்களும் கோடும். அதில் போட்டிருந்த தேதியில் சோதனை மெஷின் கழற்றிப்போட்டுக் கிடந்தது, ரிப்பேருக்கு. நடக்காத சோதனைக்கு எண் எப்படி வந்தது? பித்தலாட்டக்காரி என்று சொல்லி அன்று மாலையே வாசலைக் காட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. அவளுடைய அறைக்கும் மருந்துக்கும் இப்போது அந்தக் கூடத்தின் டைரக்டர்தான் எஜமான்.

"அவர்தான் ஒட்டினார்," என்றாள். "எத்தனை தடவை சொல்லணும்?"

ஊசியாரின் சட்டைப் பையில் அந்த நாற்பத்தேழாம் பக்கத்தின் ஜெராக்ஸ் மடித்துக் கிடந்தது. அன்று காலை மச்சினன் எப்படியோ வாங்கிக்கொண்டு வந்தது. அவளிடம் அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஒருவேளை அவளே ஒட்டியிருந்தால்?

"ஏம்மா, இந்த மருந்து என்ன பண்ணும்? அஞ்சாவது படிச்சவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

அவள் டப்பாவைக் குலுக்கும் மெஷினில் மாட்டிவிட்டு, அது போடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வேலை செய்யுறது புரதம். அதுல ஒண்ணு கெட்டுப்போய், 'வளரு வளரு'ன்னு நிறுத்தாம கத்தும். அதான் கேன்சர். பழைய மருந்தெல்லாம் அதோட வாயைப் பொத்தும். கையை எடுத்தா மறுபடி கத்தும். என்னோடது வாயைப் பொத்துறதில்ல. ஒவ்வொரு செல்லுலயும் ஒரு குப்பைக்காரன் இருக்கான். எதையெல்லாம் அரைச்சுத் தள்ளணுமோ அதுமேல சீட்டு ஒட்டுறது அவன் வேலை. என் மருந்துக்கு ரெண்டு கை சார். ஒரு கை கத்துற பயலைப் பிடிக்கும். இன்னொரு கை குப்பைக்காரனைப் பிடிக்கும். ரெண்டு பேரையும் ஒட்டி நிக்க வைக்கும். அவன் சீட்டை ஒட்டினதும் பயல் அரைபட்டுப் போவான். மருந்து கழண்டு அடுத்த பயலைத் தேடிப் போயிடும்."

"அட, வீட்டு புரோக்கர்!" என்றான் மச்சினன்.

ஊசியாரின் மனைவிக்குத் தம்பி அவன். ஐம்பது தாண்டியவன். அக்கா போய் மூன்று வருஷமாகியும் மாமாவை விட்டுப் போகாதவன். வாய் மட்டும் இன்னும் பதினெட்டு வயசிலேயே நிற்கிறது.

"இருபது வருஷம் நான் பார்த்த தொழில்மா. ஒரு கையில வீட்டுக்காரன், இன்னொரு கையில குடி வர்றவன். சேர்த்து வச்சுட்டு நைசா கழண்டுக்கணும். என்ன, எங்க தொழில்ல யாரும் அரைபடுறதில்ல. குடி வந்தவனைத் தவிர."

அவள் சிரிக்கவில்லை. "அந்த டைரக்டர் மேல ஒரு சீட்டு ஒட்டுங்க சார். எனக்கு அது போதும்," என்றாள்.

*

டைரக்டரின் அறையில் மூன்று பக்கம் கண்ணாடி. நான்காவது பக்கம் முழுக்க அவர் யார் யாரிடமோ கை குலுக்கும் படங்கள். மேஜையில் கலர் உருண்டைகளைக் குச்சியால் கோத்த ஒரு பொம்மை இருந்தது. மருந்தின் வடிவமாம். மச்சினன் அதைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"வைங்க அதை," என்றார் டைரக்டர். "உங்களுக்குப் பத்து நிமிஷம்."

டை கட்டியவன் தண்ணீர் கொடுத்தால் முதலில் அவனைக் குடிக்கச் சொல்ல வேண்டும் என்பது ஊசியாரின் கட்சி. டம்ளரைத் தள்ளி வைத்தார். வாசலில் நின்று கேட்பதைப் போலவே கேட்டார்.

"ஒரு சந்தேகம் சார். இந்த மருந்து சரியாக் கேக்கலைன்னு வைங்க. இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுப்பீங்களா?"

இதுதான் பொறி. மருந்தைத் திருடியவனுக்கு மருந்தின் குணம் தெரிந்திருக்காது. உளறுவான். ஊசியார் அவர் கண்ணையே பார்த்தார்.

டைரக்டர் சிரித்துவிட்டார். "மத்த மருந்தா இருந்தா கூட்டலாம். இதைக் கூட்டினா காரியம் கெட்டுடும். ஓர் அளவு வரைக்கும் நல்லா வேலை செய்யும். அதைத் தாண்டினா படுத்துடும்."

"ஏன்?"

"அது உங்களுக்குப் புரியாது."

"புரோக்கர் கூடிப் போயிட்டா அப்படித்தான்," என்றான் மச்சினன். டைரக்டர் திரும்பிப் பார்த்தார். "தெருவுக்கு ஒரு புரோக்கர் இருந்தா வீடு முடியும். அதே தெருவுல நூறு புரோக்கர் இறங்கினா என்ன ஆகும்? வீட்டுக்காரன் கையை ஒருத்தன் புடிச்சிருப்பான். குடி வர்றவன் கையை வேற ஒருத்தன் புடிச்சிருப்பான். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டாங்க. வீடு காலியாவே கிடக்கும். என் தொழில் அப்படித்தான் சார் நாசமாப் போச்சு."

டைரக்டர் அந்தப் பொம்மையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"என் மாணவர்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு மாசம் ஆகுது," என்றார்.

"ஆள் அனுப்புங்க, நான் ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தரேன்."

பொறியில் எலி விழவில்லை. ஊசியாருக்கு உள்ளுக்குள் எரிச்சல். பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து மேஜையில் விரித்தார். "அப்ப இது என்ன சார்?"

தாளில் நாலு அளவு இருந்தது. அஞ்சு, பத்து, இருபது, நாற்பது மில்லிகிராம். மருந்து எவ்வளவு கேட்டது என்று காட்டும் கோடு அஞ்சில் ஆரம்பித்து நாற்பது வரைக்கும் மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. எங்கேயும் இறங்கவில்லை.

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"இதை அவ எழுதல," என்றார் மெதுவாக.

"நீங்க?"

"பொய் எழுதறதுன்னா நான் இவ்வளவு கேவலமாவா எழுதுவேன்? கோடு மலை மாதிரி ஏறி இறங்கணும். எங்ககிட்ட முதல் வருஷம் படிக்கிறவனுக்குத் தெரியும் அது. தவிர, நாங்க மில்லிகிராம் கணக்குல செல்லுக்கு ஊத்துறதும் இல்ல. இது யாரோ வெளியாள் வேலை."

"கமிட்டியில நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க? அன்னைக்கு இந்தக் கோடு கண்ணுல படலையா?"

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தேதியைப் பார்த்தேன். மெஷின் ரிப்பேர்னு தெரிஞ்சுது. அதுவே போதும்னு இருந்துச்சு."

"போதும்னு இருந்துச்சா, போகட்டும்னு இருந்துச்சா?"

டைரக்டரின் கழுத்து சிவந்தது. எழுந்து நின்றார். ஊசியாருக்கு இப்படிப்பட்டவர்களை நன்றாகத் தெரியும். இவன் கொல்ல மாட்டான். எவனாவது கொன்று போட்டால் பிணத்தின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. இங்க ஓரமா ஆறு, பதினாலு, இருபத்திரண்டுன்னு போட்டிருக்கே?"

"எண் எடுத்த மணி. ஆனா நாங்க நாலு மணி நேரம், எட்டு மணி நேரம், ஒரு நாள்னு எடுப்போம். இது என்ன மணின்னு எனக்கே விளங்கல. உங்க பத்து நிமிஷம் முடிஞ்சுது."

*

படி இறங்கும்போது மச்சினன் முன்னால் போனான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் திடீரென்று நின்றான். பின்னால் வந்த ஊசியார் அவன் முதுகில் மோதிக்கொண்டார்.

"ஏண்டா, பிரேக் போடறதுன்னா சொல்லிட்டுப் போட மாட்டியா?"

"பதினாலுன்னா மதியம் ரெண்டு மாமா."

"சரி."

"இருபத்திரண்டுன்னா ராத்திரி பத்து."

ஊசியார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மச்சினன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே பேசினான்.

"காலை ஆறு உங்க முறை. மதியம் ரெண்டு என் முறை. ராத்திரி பத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து எழுப்புவோம். 'நல்லாத் தூங்கறவளை எழுப்பித் தூக்க மாத்திரை குடுக்கற குடும்பம் நம்ம குடும்பம்தான்'னு அக்கா திட்டுவா."

எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். அவள் படுத்துக் கிடந்த ஏழு மாதமும். அந்த மூன்று மணியும் இன்னும் ஊசியாரின் உடம்புக்குள் அடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. காலை ஆறுக்கு ஒரு நாளும் தவறாமல் விழிப்பு வருகிறது.

"இதை எழுதினவன் சோதனை பண்ணலடா," என்றார் ஊசியார். "வீட்டுல ஒரு நோயாளியை வச்சுக்கிட்டுப் பார்த்தவன். மணின்னு எழுத உட்கார்ந்ததும் அவன் கைக்கு வேற மணியே வரல. அளவுகூட ஆளுக்குக் குடுக்கிற அளவு."

வாசலுக்கு வந்ததும் மருந்துக்காரிக்குப் போன் போட்டார். "ஏம்மா, உன் லேப்ல, வீட்டுல நோயாளி வச்சிருந்தவர் யாராவது உண்டா?"

மறுமுனையில் டப்பா குலுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஸ்டோர்கீப்பர் அண்ணன்," என்றாள். "அவர் சம்சாரத்துக்கு ரத்தத்துல கேன்சர். போன வருஷம் தவறிட்டாங்க."

"உன்கிட்ட மருந்து கேட்டாரா?"

"கேட்டார். கால்ல விழுந்தார் சார். எலிக்கு மட்டும்தான் குடுத்துப் பார்த்திருக்கோம், மனுஷருக்குக் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"மருந்து அலமாரி சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அவர்கிட்ட." ஒரு மூச்சு. "நோட்டு வைக்கிற அலமாரி சாவியும் அவர்கிட்டதான்."

"நீ அங்க போகாதம்மா. நாங்க…"

போன் செத்துவிட்டது.

"நீங்க சொன்னதுல 'அங்க'ன்னது மட்டும்தான் அவங்க காதுல விழுந்திருக்கும்," என்றான் மச்சினன். "ஓடுங்க மாமா."

*

ஸ்டோர்கீப்பரின் வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில். சாயங்கால வெயில் நடைபாதையில் நீளமாக விழுந்திருந்தது. கதவு திறந்தே இருந்தது. அவர்கள் போய்ச் சேருவதற்குள் மருந்துக்காரி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். விரலிடுக்கில் மஞ்சள் பெயிண்ட்.

ஒரே அறை. மடக்குக் கட்டில் சுவரோடு சாய்த்து, துணி போட்டு மூடியிருந்தது. அதற்கு மேல் சுவர்க் கடிகாரம். ஆறிலும் இரண்டிலும் பத்திலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டியிருந்தது. இனி இந்த வீட்டில் எதையும் தேட வேண்டியதில்லை.

ஸ்டோர்கீப்பர் ஒல்லியான மனிதர். வேலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றியிருக்கவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து.

ஊசியார் ஜெராக்ஸை நீட்டினார். "உங்க கடிகாரத்தைத்தான் இதுல எழுதியிருக்கீங்க."

அந்த ஆள் தாளை வாங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மறுக்கவும் இல்லை.

"ஆமா. மெஷின் கழட்டிக் கிடந்த தேதியாப் பார்த்துப் போட்டு நான்தான் அடிச்சேன், நான்தான் ஒட்டினேன். கடுதாசியும் நான்தான் போட்டேன். கமிட்டியில வந்து சொல்லணுமா? நாளைக்கே வர்றேன். ஜெயிலுக்குன்னாலும் சரி. இங்க எனக்கு யார் காத்துக்கிட்டிருக்கா?"

"ஏண்ணே?" என்றாள் மருந்துக்காரி. "உங்களுக்கு நான் என்னண்ணே பண்ணினேன்?"

"அண்ணேன்னு கூப்பிடாத!" அவர் போட்ட கத்தலில் கீழே டிப்போவில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். "நீ பொய்க்காரி. உன் மருந்தும் பொய். மருந்து குடுக்கலைன்னா என்ன, எனக்கு எடுக்கத் தெரியாதா? சாவி யார் இடுப்புல இருக்கு? தராசுல நிறுத்து, காலிக் கேப்சூல்ல அடைச்சுக் குடுத்தேன். உன் அறிக்கையில அத்தனை எலியும் பொழச்சுதுன்னு எழுதினியே. என் பொண்டாட்டி எலியைவிடக் கேடா? அஞ்சு மில்லிகிராம்ல ஆரம்பிச்சேன். முதல் வாரம் என்னமோ கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தா. சரி, பிடிச்சுக்கிச்சுன்னு எட்டாம் நாள் பத்தாக்கினேன். கேக்கல. இருபது. நாப்பது. கூட்டக் கூட்டக் கீழே போனா. முப்பதாம் நாள் போயே போயிட்டா."

மூச்சு வாங்கினார். "நிஜமான மருந்துன்னா கூட்டக் கூட்டக் குணமாகணும்ல? கோடு ஏறணும்ல? அதான் ஏத்தி வரைஞ்சேன். நீ ஊருக்குச் சொன்ன பொய் எப்படியோ, அப்படியே வரைஞ்சு உன் நோட்டுலயே ஒட்டினேன். அவதான் போயிட்டா. உன் பேராவது சாகட்டும்னு இருந்துச்சு."

மச்சினன் வாயைத் திறந்தான். ஊசியார் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். புரோக்கர் கதையை இந்த அறையில் சொல்லக் கூடாது. ஒரே ஒரு வரி போதும், இந்த மனுஷன் அதற்கப்புறம் மனுஷனாக இருக்க மாட்டான். வந்த காரியம் முடிந்தது. ஆள் ஒப்புக்கொண்டான். அவள் பெயர் திரும்பிவிடும், டைரக்டரின் கண்ணாடி அறையும் ஆட்டம் காணும். பேசாமல் கிளம்ப வேண்டியதுதான்.

"வாம்மா, போகலாம்," என்றார்.

மருந்துக்காரி நகரவில்லை. அவள் முகத்தில் ரத்தம் ஏறி, கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. ஊசியார் எத்தனையோ முகங்களைப் படித்தவர். இது தன் மருந்து ஒரு மனுஷ உடம்பில் வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷமா, எதிரி தானாகவே வந்து கையில் விழுந்த சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை. இரண்டும் ஒரே முகத்தில் நின்றன.

அவள் ஊசியாரின் பையிலிருந்து பேனாவை உருவினாள். ஜெராக்ஸை வாங்கித் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி கட்டில் ஓரத்து ஸ்டூலில் வைத்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அஞ்சு மில்லிகிராம். எந்த நாள் எழுந்து உட்கார்ந்தாங்க?"

"எதுக்கு இப்போ அது?"

"சொல்லுங்க."

"மூணாம் நாள்." அவர் குரல் தணிந்தது. "நானா தூக்கி உட்கார வைக்கல. நான் பல் தேச்சுட்டு வர்றேன், அவளே உட்கார்ந்திருக்கா."

"சாப்பிட்டாங்களா?"

"நாலாம் நாள் ரெண்டு வாய். அஞ்சாம் நாள் முழுத் தட்டு. ஆறாம் நாள் என் சட்டைக்குப் பட்டன் தைச்சா. கை நடுங்கல." செத்துப்போனவளைப் பற்றி இத்தனை மாதத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டார். "ஏழாம் நாள் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கிட்டா. வாசல் வரைக்கும் நடந்து வந்து, பஸ் எல்லாம் கிளம்புறதை நின்னு பார்த்தா."

எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள். கோடு ஏறி, அஞ்சு என்று எழுதிய இடத்தில் உச்சிக்குப் போனது. அங்கிருந்து திரும்பி, பத்தில் சரிந்து, இருபதில் இன்னும் இறங்கி, நாற்பதில் தரையைத் தொட்டது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பத்தொன்பது வருஷம் அந்த லேபில் இருந்த மனுஷன். கோடு படிக்கத் தெரியும்.

முதலில் அவர் விரல் அஞ்சின் மேல் போய் நின்றது. பிறகு மெல்ல மெல்லச் சரிவில் இறங்கியது. இருபதில் வந்து நின்றுவிட்டது.

"கூட்டினா…" என்றார். "கூட்டினதாலயா?"

"எட்டாம் நாள் காலையில ஆறு மணிக்குப் பத்து மில்லிகிராம் குடுத்தீங்க," என்றாள் மருந்துக்காரி. "ரெண்டு மணிக்குள்ள என்ன ஆச்சு?"

"அம்மா, போதும்மா," என்றார் ஊசியார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டோர்கீப்பரின் வாய் திறந்து திறந்து மூடியது. "படுத்துக்கிட்டா… கண் கூசுதுன்னா… பத்தலை போலன்னு நினைச்சு நான்…" இடுப்புச் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார்.

அவர் சொன்ன வரைக்கும் எழுதி முடித்தாள். பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள். காத்திருந்தாள்.

"ஒன்பதாம் நாள்?" என்றாள்.